அரசுப்பணி அஞ்சல்தலைகள்

வரலாற்றுச் சான்றுகள் எனின், கல்வெட்டும் செப்பேடும் நாணயமுமே முதற்கண் நம் நினைவிற்கு வருவன. இவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க சிறியதொரு சான்று, அரசு அலுவலகங்கள் தம் கடிதங்களுக்கெனப் பயன்படுத்திய அஞ்சல்தலையாகும். இதனைப் பொழுதுபோக்காகத் திரட்டுவோர் பலர். ஆவணமாகக் கொண்டு ஆராய்வோர் சிலர். அங்ஙனம் ஆராயுமாற்றினை இந்தியத் தலைகளைக் கொண்டு ஈண்டு விளக்குவோம்.

பொதுமக்களுக்குரிய தலையின்மீது சில எழுத்துக்களை மீண்டும் அச்சிடுவதே தொடக்கத்தில் கையாண்ட முறை. இதனை மேலச்சு எனலாம். மேலச்சுப் பெற்ற தலை அரசுக் கடிதத்திற்கே உரியது. ஆதலின், அலுவலகங்களின் அஞ்சற் செலவைக் கணக்கிடவும், அரசுத் தலையைத் தனியார் கடிதத்தில் ஒட்டுவதைத் தடுக்கவும் இம்முறை உதவிற்று.

இந்தியாவில் 1866-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ‘சர்வீஸ்’ என்னும் மேலச்சு தோன்றியது. தலைகள் போதாமையால் அவ்வாண்டே வரிவில்லைகளும் இவ்வாறு மாற்றப்பட்டன. 1874-இல் ‘ஆன் எச்.எம்.எஸ்.’ என்னும் எழுத்துக்கள் வந்தன; பேரரசியாரின் பணிமேல் என்பது இவற்றின் பொருள். 1901-இல் விக்டோரியா மறைந்து ஏழாம் எட்வர்டு அரசரான பின்னரும் இவ்வெழுத்துக்களே நின்றன. ‘எச்’ என்பது ஆங்கிலத்தில் அரசி, அரசன் ஆகிய இருவர்க்கும் பொருந்துதலின் மாற்றம் வேண்டப்படவில்லை. ஐந்தாம் ஜார்ஜ் காலத்தில், 1912 முதல், ‘சர்வீஸ்’ என்பதே மீண்டது.

சமஸ்தானங்களும் இம்முறையை மேற்கொண்டன. திருவிதாங்கூர் அஞ்சல் 1911 முதல் ‘ஆன் எஸ்.எஸ்.’ என்றும், கொச்சி 1913 முதல் கொச்சி அரசுப்பணி எனப் பொருள்படும் ‘ஆன் சி.ஜி.எஸ்.’ என்றும் மேலச்சிட்டன. இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகள் அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. எனவே அவற்றின் பழைய அலுவலகக் கடிதங்களை ஆராய்வார்க்கு இத்தலைகளின் அறிவு இன்றியமையாதது.

விடுதலைக்குப் பின் 1948-இல் வெளிவந்த காந்தியடிகள் தலைகளில் மிகச் சிலவே ‘சர்வீஸ்’ மேலச்சுப் பெற்றன. அவை அந்நாளில் இராஜாஜி வகித்த தலைமை ஆளுநர் பதவியின் அலுவலகத்திற்கென அமைந்தவை. 1950-இல் அசோகர் தூணின் அரிமாத்தலையும் ‘சர்வீஸ்’ என்னும் சொல்லும் தலையிலேயே ஒருங்கு பொறிக்கப்பட்டன; மேலச்சின் தேவை நீங்கிற்று. அரசுரிமை மாறியதை ஓர் அங்குல அளவினதாகிய தாளிலும் காண்கிறோம்.

அருமை மிகுந்த இடத்துப் போலியும் மிகும். பொதுத்தலையில் பிற்காலத்தார் மேலச்சிட்டு ஏமாற்றுதல் உண்டு. உண்மைத் தலையில் அஞ்சல் முத்திரையின் மை, மேலச்சின்மேல் படிந்திருத்தல் வேண்டும். மேலச்சு முத்திரையின்மேல் ஏறி நிற்பின் அது போலியே. முத்திரையின் நாள், மேலச்சுத் தோன்றிய ஆண்டிற்கு முற்பட்டதாயினும் அவ்வாறே கொள்ளத்தகும். எழுத்தமைதி கொண்டு செப்பேட்டின் மெய்ம்மை துணிவார்க்கு இம்முறை புதிதன்று.

இதனினும் பெருங்கேடு ஒன்றுண்டு. திரட்டுவோர் தலையை நீரில் நனைத்துப் பிரித்தெடுத்து, உறையை எறிந்துவிடுகின்றனர். அனுப்பிய அலுவலகம், பெற்றவர், சென்ற வழி ஆகிய யாவும் உறையோடு ஒழிகின்றன. எஞ்சுவது, கோயிற் சுவரினின்று பெயர்த்த எழுத்துக்கல்லை ஒக்கும். எழுத்து இருக்கும், இடம் தெரியாது. ஆதலின், பழைய அலுவலக உறை கிடைப்பின், தலையைப் பிரியாது முழுமையாகக் காத்தலே ஆராய்ச்சியாளர் கடனென்பது எம் கருத்து.