பாடலுக்கு ஒரு பதிவு: தகுதியும் சான்றும்

அச்சிட்ட கலைக்களஞ்சியங்களில் எதனைச் சேர்ப்பது, எதனை விடுப்பது என்னும் வினாவுக்குப் பெரும்பாலும் பக்க எல்லையே விடை கூறிவிடும். 1910இல் வெளிவந்த அபிதான சிந்தாமணியும், தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை வெளியிட்ட பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியமும் தாளின் அளவுக்கு உட்பட்டவையே. 2001ஆம் ஆண்டு தோன்றிய விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்துக்கு அவ்வெல்லை இல்லை. ஆகவே, மக்களிடையே பரவிய ஒரு பாடலுக்கு அங்குத் தனிக்கட்டுரை அமையலாமா என்பதை முடிவு செய்ய வேறோர் அளவுகோல் தேவையாயிற்று. ஆங்கில விக்கிப்பீடியா கைக்கொள்ளும் அளவுகோலை ஈண்டு நோக்குவோம்.

பாடல் இனிமையானதா, கருத்தாழம் உடையதா என்பது அங்கு வினாவன்று. அதனைப் பற்றிப் பிறர் விரிவாக எழுதியுள்ளனரா என்பதே வினா. எழுதியோர் பாடகரையோ இசை நிறுவனத்தையோ சாராதவராக இருத்தல் வேண்டும். எழுத்தும் ஒன்றுக்கு மேற்பட்டதாய், வெறும் பெயர்க்குறிப்பாக அமையாததாய் இருத்தல் வேண்டும். விளம்பரம் சான்றாகாது. விற்பனைப் பட்டியலில் இடம்பெறுதல், விருது பெறுதல், புகழ்பெற்ற பலரால் மீண்டும் பாடப்பெறுதல் ஆகியன அறிகுறிகளேயன்றி முடிவுகள் அல்ல. போதிய செய்தி கிடையாவிடின், தேடி வருவோர் திரைப்படம் அல்லது பாடகர் பற்றிய கட்டுரைக்கு வழிமாற்றப்படுவர். ஒரு கட்டுரையை நீக்குவது பற்றிக் கருத்து வேறுபாடு எழின், பொதுவாக ஏழு நாள் உரையாடல் நிகழும். அதில் தலைகளின் எண்ணிக்கையினும் காரணத்தின் வலிமையே கருதப்படும்.

சான்றாக, 2011 நவம்பரில் வெளிவந்த 'ஒய் திஸ் கொலவெறி டி' பாடலைக் கொள்வோம். அதன் இலக்கியத் தகுதி பற்றிக் கற்றோர் வேறுபடலாம். ஆயினும், அது பரவிய விதம் குறித்து இந்திய இதழ்களும் அயல்நாட்டு இதழ்களும் எழுதின. ஆதலின் அதற்குத் தனிக்கட்டுரை உண்டு.

நபிமொழிக் கலை பயின்றோர்க்கு இம்முறை முற்றிலும் புதிதன்று. செய்தியின் உரை எத்துணை அழகுடையதாயினும், அறிவிப்பாளர் தொடராகிய இஸ்னாதை ஆராயாமல் அறிஞர் அதனை ஏற்றாரல்லர். புனிதத்தில் இரண்டிற்கும் ஒப்புமை இல்லை. சான்று தேடும் ஒழுக்கத்தில் மட்டுமே உண்டு.

இந்நெறியால் விளையும் இழப்பும் உண்டு. எழுதப்பெற்றதே சான்றாதலின், செவிவழி வாழும் பாடல் எத்தனை நெஞ்சங்களில் நிலைத்தாலும் வெளியே நிற்கக்கூடும். 2015இல் மறைந்த இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்களின் பாடல்களை அறியாத முஸ்லிம் இல்லம் தமிழகத்தில் அரிது. ஆயினும் அவற்றுள் ஒரு பாடலுக்குத் தனிக்கட்டுரை வேண்டுமெனில், அதை இயற்றியவர் யார், இசையமைத்தவர் யார், எப்போது பதிவாயிற்று, எவ்வாறு பரவிற்று என்பன நூலிலோ இதழிலோ விரிவாக எழுதப்பெற்றிருத்தல் வேண்டும். நம் அன்பு மட்டும் அங்குச் சான்றாகாது.

சான்று ஆங்கிலத்தில் இருத்தல் வேண்டும் என்பதோ, இணையத்தில் இருத்தல் வேண்டும் என்பதோ விதியன்று. நம்பத்தக்க தமிழ் நூலும் இதழும் ஏற்கப்பெறும். எனவே தமிழ் பயிலும் மாணவர், பாடல்களோடு வாழ்ந்த பெரியோரை அணுகிக் கேட்டு, இசைத்தட்டு உறைகளில் உள்ள செய்திகளோடு ஒப்பிட்டு, ஆய்வுக் கட்டுரைகளாக்கி, நல்ல இதழ்களில் அச்சேற்றுதல் வேண்டும். பெரியோர் பலர் நம்மிடையே இருக்கும்போதே இதனைச் செய்தல் நலம். பாடியோர் தம் பணியை முடித்துச் சென்றனர். எழுதும் பணி நம்முடையது.