நெஞ்சுப் படத்தில் தெரியும் வெண்ணிழல்

எக்ஸ்ரே படத்தைச் சாளர வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாகவும் எலும்பும் இதயமும் வெண்மையாகவும் தெரியும். அந்தக் கறுப்புக்குள் தோன்றும் உருண்டை நிழல் 3 சென்டிமீட்டருக்கு உட்பட்டதாயின் அதை ‘முடிச்சு’ என்றும், அதற்கு மேற்பட்டதாயின் ‘திரள்’ என்றும் மருத்துவர்கள் குறிப்பிடுவர். இவை அளவைக் குறிக்கும் சொற்களேயன்றி நோயின் பெயர்கள் அல்ல. புற்றுநோய், காசநோய், சீழ்க்கட்டி, தீங்கற்ற கழலை எல்லாமே ஒரே மாதிரியான நிழலைத் தரக்கூடும், முலைக்காம்பின் நிழல்கூடச் சிலவேளை முடிச்சாகத் தோன்றி ஏமாற்றும். மறுபுறம், இதயத்துக்கோ காறையெலும்புக்கோ பின்னால் ஒளிந்த சிறு கட்டி படத்தில் அகப்படாமலே போவதுண்டு என்பதால், ‘படம் சுத்தம்’ என்ற சொல்லோடு ஆறுதலடைந்து, வாரக்கணக்கில் நீடிக்கும் இருமலையோ சளியில் கலந்த இரத்தத்தையோ பொருட்படுத்தாது விடுவது ஆபத்தானது.

மட்டக்களப்பு மாவட்டத்தின் செங்கலடியைச் சூழ்ந்த வயற்புறங்களில், இத்தகைய நிழலைத் தரும் நோய்களின் பட்டியலோடு மெலியோய்டோசிஸ் என்னும் நோயையும் சேர்த்தே எண்ணவேண்டும். ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒருவகைப் பக்டீரியா, காலிலுள்ள வெட்டுக்காயம் வழியாகவோ மூச்சு வழியாகவோ உடலுக்குள் புகுந்து இதை உண்டாக்குகிறது. இலங்கையில் 1927 ஆம் ஆண்டிலேயே பதிவுசெய்யப்பட்ட இந்நோய் மட்டக்களப்பு மாவட்டத்திலும் கண்டறியப்பட்டுள்ளது. பெரும்போக மழையில் சேற்றில் இறங்கும் விவசாயிகளுள் சலரோகம் உள்ளவர்களையே இது அதிகம் தாக்குகிறது. படத்தில் காசநோயைப் போலவும் புற்றுநோயைப் போலவும் தோன்றும் இது, ஆய்வுகூடத்தில் வெறும் கலப்படக் கிருமியென ஒதுக்கப்படவும் கூடும். ஆகவே நோயாளி தமது வயல்வேலையையும் சலரோகத்தையும் மருத்துவரிடம் தாமாகவே சொல்வது வீண்பேச்சன்று, நோயறிதலின் ஒரு பகுதியே. உரிய ஊசிமருந்தும், அதன்பின் மாதக்கணக்கில் விடாது உட்கொள்ளும் மாத்திரையும் இதைக் குணப்படுத்தும். இடையில் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும்.

ஒரே படத்தை வைத்து முடிவு கட்டாமல், சளிப் பரிசோதனை, கிருமி வளர்ப்பு, சீ.டி. ஸ்கேன், தேவைப்பட்டால் திசுப் பரிசோதனை என அடுத்தடுத்து நகர்வதே முறை. திசு எடுப்பதன் நோக்கத்தையும், நுரையீரலிலிருந்து காற்றுக் கசிவது போன்ற அதன் ஆபத்தையும் விளங்கிய மொழியில் கேட்டறிந்த பின்னரே சம்மதம் தெரிவிப்பது நோயாளியின் உரிமை. அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். மட்டக்களப்பு மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் காசநோய் மருந்தும் அவ்வாறே. மருத்துவப் பதிவுகளைப் பொறுத்தவரை, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் ஒருவரின் பதிவைப் பிறருக்கு வெளியிடாது காக்கும் அதேவேளை, அவரே எழுத்துமூலம் இசைந்தால் அந்தத் தடையை நீக்குகிறது. அச்சட்டத்தின்கீழ் தகவல் கோரும் விண்ணப்பத்துக்கு 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்லப்படவேண்டும்.

இந்தப் பரிசோதனைகள் எல்லாவற்றையும்விடச் செலவு குறைந்த சான்று பழைய படமே. இரண்டாண்டுகளாக மாறாதிருக்கும் திண்மையான முடிச்சு பெரும்பாலும் தீங்கற்றது, ஆனால் ஒப்பிடுவதற்குப் படம் கையில் இருக்கவேண்டும். அலுமாரியின் மேல் சுருண்டு கிடக்கும் அந்தப் படம் எவ்வளவு மங்கியிருந்தாலும், அடுத்த கிளினிக்குக்குச் செல்லும்போது அதை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.