வித்தவுட், லெஸ், ஃப்ரீ

இல்லை, குறைவு என்று சொல்லும் ஆங்கிலச் சொற்கள் உணவு பாக்கெட்டுகளின் முகப்பைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் ஓர் அளவு உண்டு. அது தெரியாமல் வாங்கினால் நஷ்டம் உடம்புக்குத்தான்.

தமிழ்நாட்டு டீக்கடையில் “ஒரு வித்தவுட்” என்று குரல் கொடுத்தால் போதும். எது இல்லாமல் என்று மாஸ்டர் கேட்பதில்லை. சர்க்கரை போடாத டீ வந்துவிடும். “லைட்” என்றால் டிகாஷன் குறைவு. மும்பையில் வித்தவுட்டுக்குப் பெயர் ‘ஃபீக்கா’. கண் முன்னால் ஆற்றித் தருவதால் எங்கும் குழப்பமில்லை. அதே சொற்கள் பிஸ்கட் பாக்கெட்டில் ஏறும்போதுதான் சிக்கல் ஆரம்பம்.

சிக்கல் சிறியதல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. ‘சுகர் ஃப்ரீ’ என்ற எழுத்துகளை நம்பிக் கை நீட்டுபவர்களில் இவர்கள் ஏராளம். பாக்கெட் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது விதி. தமிழ் கட்டாயமில்லை. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பாட்டிக்கு, முகப்பில் உள்ள இரண்டு சொற்களை யாராவது வாசித்துச் சொன்னால்தான் உண்டு.

அந்தச் சொற்களோ ஒன்றுபோலத் தோன்றி வேறுவேறு பொருள் தருபவை. ‘லெஸ் சுகர்’ என்றால் சர்க்கரை குறைவு. ‘சுகர்லெஸ்’ என்றால் சர்க்கரையே இல்லை. முன்னால் வரும் ‘லெஸ்’ஸும் பின்னால் ஒட்டும் ‘லெஸ்’ஸும் பழைய ஆங்கிலத்தில் தனித்தனி வேர்களிலிருந்து வந்தவை. ‘ஃப்ரீ’ இன்னும் வேடிக்கை. இலவசம் என்று பழகிய நம் காதுக்கு, சுகர் ஃப்ரீ என்றால் சர்க்கரை இனாம் என்று கேட்டாலும் தவறில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் கொண்டுவந்த விதிகள் இந்தச் சொற்களுக்குக் கணக்கு வைத்திருக்கின்றன. ‘சுகர் ஃப்ரீ’ என்று போட 100 கிராமில் சர்க்கரை அரை கிராமைத் தாண்டக் கூடாது. ‘லோ சுகர்’ என்றால் திடப் பொருளில் 5 கிராம் வரை. ‘லோ ஃபேட்’ என்றால் கொழுப்பு 3 கிராம் வரை. ஆக, ‘ஃப்ரீ’ என்பது முழுப் பூஜ்யம் அல்ல. பூஜ்யத்துக்குப் பக்கத்து வீடு.

‘ரெட்யூஸ்டு’, ‘லெஸ்’ போன்றவை ஒப்பீட்டுச் சொற்கள். வேறொரு பொருளைவிடக் குறைந்தது 25 சதவீதம் குறைந்திருந்தால் போதும். 100 கிராமில் 35 கிராம் கொழுப்புள்ள சிப்ஸில் 30 சதவீதத்தைக் குறைத்தாலும் மிச்சம் 24.5 கிராம். ‘லோ’ என்ற சொல்லுக்கான வரம்பைப்போல் எட்டு மடங்கு! ‘லைட்’ என்ற சொல்லும் இதே ரகம் என்கிறது சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ். எது குறைந்ததால் லைட் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ‘லைட்’ ஆலிவ் எண்ணெயில் நிறமும் மணமும்தான் லேசு. கலோரி மற்ற எண்ணெய்களில் உள்ள அளவுதான்.

‘கொலஸ்ட்ரால் ஃப்ரீ’ என்பது உண்மை, ஆனால் புதுமை இல்லை. கொலஸ்ட்ரால் விலங்கு உணவுகளில் இருப்பது. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அது இருப்பதாகச் சொல்லும்படி எதுவும் கிடையாது. இயல்பிலேயே இல்லாத ஒன்றை, தங்கள் தயாரிப்பில் மட்டும் இல்லாததுபோல் காட்டக் கூடாது என்பதும் விதி.

காலி இடத்தில் வந்தது யார்?

இல்லாததைச் சொல்லும் சொல், அதற்குப் பதிலாக வந்ததைச் சொல்வதில்லை. சுகர் ஃப்ரீ பிஸ்கட்டில் சர்க்கரை போன இடத்தில் பெரும்பாலும் மால்டிடால் போன்ற இனிப்பூட்டி இருக்கும். இதிலும் சர்க்கரையில் ஏறத்தாழப் பாதி கலோரி உண்டு. அதிகம் சாப்பிட்டால் வயிற்றைக் கலக்கும். பிஸ்கட்டின் பெரும் பங்கான மைதாவோ, கோதுமை மாவோ அப்படியே இருக்கிறது. ஜீரணமானால் அதுவும் ரத்தத்தில் குளுக்கோஸ்தான். சர்க்கரை இல்லையே என்று ஆறு பிஸ்கட் தின்றவரின் ரத்தப் பரிசோதனை இதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

உப்பில் இது ஆபத்தாகவே முடியலாம். ‘லோ சோடியம்’ உப்புகளில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். ரத்த அழுத்தம் உள்ள பலருக்கு இது நல்லது. உலக சுகாதார நிறுவனமும் 2025இல் இதைப் பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. கெட்டுப்போன சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்ற முடியாது; அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். ரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்தே இருப்பவர்கள் நிறைய. டாக்டரைக் கேட்காமல் இந்த உப்புக்கு மாறுவது அவர்களுக்கு விபரீதம்.

என்ன செய்யலாம்? பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பதுதான் வழி. பின்பக்க அட்டவணையில் கலோரி, கார்போஹைட்ரேட், மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை, கொழுப்பு, சோடியம் எல்லாம் இருக்கும். சர்க்கரை நோயாளி பார்க்க வேண்டிய வரி சர்க்கரை மட்டுமல்ல, கார்போஹைட்ரேட்டும்தான். சேர்மானப் பட்டியல் எடையில் அதிகமானதை முதலில் வைத்து எழுதப்படுவது. முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே பண்டத்தின் சங்கதி பாதி தெரிந்துவிடும்.

எழுத்து பொடியாக இருக்கும். வீட்டில் ஆங்கிலம் படிக்கும் பேரனோ பேத்தியோ இருந்தால், பெரியவர்களுக்கு அந்த மூன்று பெயர்களையும் கார்போஹைட்ரேட் அளவையும் உரக்க வாசித்துக் காட்டலாம். ஒரு நிமிட வேலை.