ஆண் ஹார்மோன் ஊசி: திருவனந்தபுரத்தில் எங்கே போவது, எவ்வளவு செலவாகும்?

சாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்கும் நண்பர் ஒருவர் "முன்போல் தெம்பு இல்லை, வீட்டு விஷயத்திலும் நாட்டமில்லை" என்று வாய் திறந்துவிட்டால் போதும், சுற்றியிருப்பவர்கள் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். ஒருவர் லேகியம் என்பார். இன்னொருவர் மாதம் ஒருமுறை லாட்ஜில் அறை எடுத்துத் தங்கும் வைத்தியரைப் பார்க்கச் சொல்வார். மூன்றாமவர் இக்காலத்து இளைஞர். உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு ஊசி கிடைக்கிறது, போட்டுக்கொண்டால் இரும்பு மாதிரி ஆகிவிடலாம் என்பார். டாக்டரிடம் போ என்று சொல்பவர் நாலாவது ஆளாகத்தான் வருவார், அதுவும் குரலைத் தாழ்த்திக்கொண்டு!

ஆண்மையைப் பெருக்கித் தருவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்தது. சட்டம் ஏட்டில் இருக்கிறது, சுவரொட்டி சுவரில் இருக்கிறது. ஊரைவிட்டு வந்து தனி அறையில் நாலைந்து பேரோடு தங்கியிருக்கும் தொழிலாளிக்கும், ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் இந்த விஷயத்தை மனம்விட்டுப் பேச ஆள் இல்லை. அந்தக் கூச்சம்தான் மற்றவர்களுக்கு முதலாகிறது.

டெஸ்டோஸ்டிரோன் என்பது ஆணின் விதையில் சுரக்கும் ஹார்மோன். 1935-இல் ஹாலந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இதைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டனர். அதே ஆண்டில் புடெனாண்ட், ருஸிக்கா ஆகிய இருவரும் இதைச் செயற்கையாகத் தயாரித்தனர். 1939-ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசு அவ்விருவருக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. இன்று மருந்துக் கடையில் கிடைப்பது அதன் வழிவந்த சரக்குதான். உடலில் சுரக்க வேண்டியது சுரக்காதபோது வெளியிலிருந்து ஈடு செய்வதே இந்தச் சிகிச்சை. நல்ல உடம்புக்குப் போடும் டானிக் அல்ல.

யாருக்குத் தேவை?

சிறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து, அது விதையையும் தாக்கியவர்கள் உண்டு. (மலையாளத்தில் இதை 'முண்டிநீர்' என்பார்கள், டாக்டரிடம் சொல்ல அந்தச் சொல் உதவும்.) விதையில் அடிபட்டவர்கள், அறுவை நடந்தவர்கள், பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக உள்ளவர்கள், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்தவர்கள் ஆகியோருக்கு இந்தக் குறை ஏற்படலாம். சர்க்கரை வியாதியும் தொப்பையும் அளவைக் கீழே இறக்கும். ஆனால் எடையைக் குறைத்து, தூக்கத்தைச் சரி செய்தாலே அளவு ஏறிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஊசி வேண்டியதில்லை.

அறிகுறிகள் வெறும் அசதி மட்டுமல்ல. இச்சை குறைதல், விடியற்காலையில் இயல்பாக ஏற்படும் விறைப்பு இல்லாமற் போதல், முகச்சவரம் செய்யும் இடைவெளி நீளுதல், மார்பு பெருத்தல், காரணம் தெரியாத ரத்தசோகை என்று பல உண்டு. மலையாளத்தில் எல்லா அசதிக்கும் 'க்ஷீணம்' என்ற ஒரே சொல்தான். அதை மட்டும் சொன்னால் சத்து மாத்திரையோடு திரும்ப வேண்டியிருக்கும். கூச்சப்படாமல் விஷயத்தைச் சொல்லிவிடுவது மேல். இங்குள்ள டாக்டர்களில் பலருக்குத் தமிழ் நன்றாகவே புரியும்.

ரத்தப் பரிசோதனைக்கு ஒரு முறை இருக்கிறது. காலையில், வெறும் வயிற்றில், 10 மணிக்குள் ரத்தம் கொடுக்க வேண்டும். அளவு குறைவாக வந்தால் வேறொரு நாள் மறுபடியும் பார்க்க வேண்டும். இரண்டு முறையும் குறைந்திருந்தால்தான் குறை என்று கொள்வார்கள். டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே என்பதை அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் சங்கம் எல்லையாக வைத்திருக்கிறது. இரவுக் காவல் வேலை பார்ப்பவருக்கு 'காலை' என்பது வேறு. அவர் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மாலையில் வேலை முடிந்து போகிற வழியில் எடுத்த ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து ஊசி ஆரம்பிக்கிறவரிடம் இருந்து எழுந்து வந்துவிடலாம்.

எங்கே போவது?

இந்தக் குறைக்கு உரிய துறை 'எண்டோகிரைனாலஜி', அதாவது நாளமில்லாச் சுரப்பி மருத்துவம். 1951-இல் தொடங்கிய திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் இத்துறை இருக்கிறது. நேரே போவதைவிட, அருகிலுள்ள அரசு ஆஸ்பத்திரியிலோ பொது மருத்துவ ஓ.பி.யிலோ காட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு போவது நல்லது. ஓ.பி. நடக்கும் நாட்களைக் கேட்டுக்கொண்டால் ஒரு நாள் கூலி மிஞ்சும். வெளிமாநிலத்தவர் என்பதால் அரசு ஆஸ்பத்திரியில் யாரும் திருப்பி அனுப்புவதில்லை. ரேஷன் கார்டைப் பார்த்துத் தரும் சலுகைகள்தாம் கிடைக்காது. பரிசோதனையைத் தனியார் லேபில் எடுப்பதானால் சில நூறு ரூபாய் ஆகும்.

பெண்ணாகப் பதிவாகிப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பியருக்கும் இதே மருந்துதான். 2015-இல் மூன்றாம் பாலினத்தவருக்கான கொள்கையை நாட்டிலேயே முதலாவதாக வெளியிட்ட மாநிலம் கேரளம். அவர்களுக்கான சிகிச்சை உதவித்தொகையைப் பற்றி மாநிலச் சமூக நீதித் துறையில் விசாரிக்கலாம். அடையாள அட்டை அவசியம்.

பணக் கணக்கு

மருந்து மூன்று விதமாக வருகிறது. பழைய எண்ணெய் ஊசி இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று. மூன்று வாரக் கணக்கில் ஆண்டுக்கு 17 ஊசி. ஒன்றின் விலை சில நூறு ரூபாயில் அடங்கும். இதில் சில ஊசிகள் நிலக்கடலை எண்ணெயில் கரைத்தவை. கடலை ஒவ்வாதவர் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது, 10 முதல் 14 வாரத்துக்கு ஒருமுறை போடும் 1000 மில்லிகிராம் ஊசி. ஆண்டுக்கு நாலைந்து போதும், ஆனால் ஒன்றே ஆயிரக்கணக்கில் விலை. போட்டபின் அரைமணி நேரம் ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்றாவது, தினமும் தோளில் தடவும் ஜெல். 365 நாளும் வாங்க வேண்டும் என்பதால் சம்பளக்காரருக்குக் கட்டுப்படியாவது சிரமம். தடவிய இடம் மனைவி மீதோ குழந்தை மீதோ பட்டால் அவர்கள் உடலிலும் மருந்து ஏறிவிடும். ஒரே அறையில் குடும்பம் நடத்துபவர்களுக்கு ஊசியே தோது.

கடையிலோ ஸ்தாபனத்திலோ வேலை செய்து மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா என்பதைச் சம்பளச் சீட்டில் பார்க்க வேண்டும். தொழிலாளியின் பங்கு முக்கால் சதவீதம்தான். பேரூர்க்கடையில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது, புறநோயாளியாகப் பார்ப்பதும் மருந்தும் இதில் அடக்கம். பிடித்தம் செய்தும் கார்டு வாங்காமல் விட்டிருப்பவர்கள் நம்மவர்களில் அநேகம். மத்திய அரசு குமாஸ்தாக்களுக்கு சி.ஜி.எச்.எஸ்., ரயில்வேக்காரர்களுக்கு பேட்டையில் ரயில்வே ஆஸ்பத்திரி. மாநில அரசு ஊழியருக்கு 2022 ஜூலையில் வந்த மெடிசெப் ஆஸ்பத்திரியில் படுத்துப் பெறும் சிகிச்சைக்கானது. மாதாமாதம் ஊசி போட அது உதவாது.

இவை எதுவும் இல்லாதவர், மாநில மருத்துவ சேவைக் கழகத்தின் காருண்யா மருந்துக் கடையிலும் ஜன் ஔஷதி கடைகளிலும் முதலில் கேட்டுப் பார்க்கலாம். எல்லா மருந்தும் எல்லா நாளும் இருக்காது. 2025 செப்டம்பர் 22 முதல் மருந்துகளின் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருப்பதால் பில்லை வாங்கிப் பார்ப்பது நல்லது. இது டாக்டர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்து. சீட்டில்லாமல் நீட்டுகிற கை நல்ல சரக்கை நீட்டுகிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பிள்ளை வேண்டுமென்றால்

இனிச் சொல்லப்போவது எல்லாவற்றிலும் பெரிது. மனைவி திருநெல்வேலிப் பக்கம், கணவர் இங்கே. ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை ஊருக்குப் போய் வருகிறார். கல்யாணமாகி இரண்டு வருஷம், பிள்ளை இல்லை. ஊரில் ஏச்சு. 'ஆண்மைக் குறைவு' என்று எண்ணிக்கொண்டு ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறார். நடப்பது என்ன? வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும், 'போதும், வேலையை நிறுத்து' என்று மூளை விதைக்குச் சொல்லிவிடுகிறது. விந்தணு உற்பத்தி குறைந்து, பலருக்கு அடியோடு நின்றுவிடுகிறது. எதற்காக ஊசி போட்டாரோ அதையே ஊசி கெடுத்துவிடுகிறது! நிறுத்தியபின் மீள மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். உடற்பயிற்சிக் கூடத்து ஊசியும் இதே வேலையைத்தான் செய்யும். எனவே டாக்டரிடம் கேட்கும் முதல் கேள்விக்கு முன்பே, "எனக்குப் பிள்ளை வேண்டும்" என்பதைச் சொல்லிவிட வேண்டும். பிட்யூட்டரி கோளாறால் வந்த குறையானால் விந்தணுவையும் சேர்த்து வளர்க்கும் வேறு ஊசிகள் இருக்கின்றன. செலவு கூடுதல்தான், காலமும் பிடிக்கும்.

இதயத்துக்கு ஆபத்து என்ற பயம் நெடுநாள் இருந்தது. 5,246 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை என்று தெரிந்தது. ஆனால் இதயத்துடிப்பு தாறுமாறாவதும், நுரையீரலில் ரத்தக்கட்டி அடைப்பதும் சற்று அதிகம் காணப்பட்டன. ரத்தம் கெட்டியாகிவிடாமல் இருக்க ஹிமாட்டோகிரிட் அளவை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள்ளும், பிறகு ஆண்டுக்கொரு முறையும் பார்க்க வேண்டும். 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்துவார்கள். புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவருக்குப் பொதுவாக இச்சிகிச்சை கிடையாது. வயதானவர்களுக்கு பி.எஸ்.ஏ. பரிசோதனையும் சேரும்.

ஊசி ஆரம்பித்தவர்கள் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பொங்கலுக்கோ கோவில் கொடைக்கோ ஊருக்குப் போகும்போது ஊசி நாள் இடையில் வருமானால், சீட்டின் நகலையும் கடைசி ரிப்போர்ட்டையும் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறலாம். நாகர்கோவில் பக்கத்தவருக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மற்றவர்கள் தங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் சீட்டைக் காட்டி நர்ஸிடம் போட்டுக்கொள்ளலாம்.