பந்தியில் இடம் கிடைக்காத பேஸ் கிட்டார்

வாசகர் ஒருவரின் சந்தேகம் இது. ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிக்காவின் ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பத்தின் ரீமாஸ்டர் பதிப்பை வாங்கியிருக்கிறார். கேட்ட நண்பர், பேஸ் கிட்டார் இப்போதுதான் ஒழுங்காகக் கேட்கிறது என்று குதிக்கிறாராம். இவருக்கோ கேசட் காலத்தில் கேட்காதது இன்றும் கேட்கவில்லை. இருவரில் யார் காது மருத்துவரிடம் போவது?

யாரும் போக வேண்டாம். ஆனால் இருவரும் சரிதான் என்று சொல்லி முடித்துக்கொண்டால் ஓர் அருமையான கணக்கு கைநழுவிப் போகும்.

கதை தெரியாதவர்களுக்காக ஒரே ஒரு பத்தி. 1986 செப்டம்பரில் சுவீடனில் பேருந்து கவிழ்ந்து, குழுவின் பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்தார். அவர் இடத்துக்கு ஜேசன் நியூஸ்டெட் வந்தார். 1988-ல் வந்த இந்த ஆல்பத்தில் அவர் வாசித்தது தேடினாலும் கிடைக்காத அளவுக்கு அமுங்கிக் கிடந்தது. டிரம்மர் லார்ஸ் உல்ரிக் குறைக்கச் சொன்னதால் குறைத்தோம் என்று மிக்ஸிங் செய்த ஸ்டீவ் தாம்சன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். புதியவர் மீது கோபம், செத்தவர் மீது பாசம் என்று மற்ற கதைகளுக்கும் குறைவில்லை; அவற்றை சினிமாப் பக்கத்துக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். 2018 நவம்பரில் ரீமாஸ்டர் வந்தபோது ரசிகர்கள் முதலில் தேடியது பேஸைத்தான். பாதிப் பேர் கிடைத்துவிட்டது என்றார்கள், பாதிப் பேர் ஏமாந்தோம் என்றார்கள்.

இனி கணக்கு. பின்னங்களை விட்டுவிடுவோம். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. ஆனால் எந்தத் தந்தியும் தனியாக வருவதில்லை. 82, 123, 164, 205 என்று 41-இன் மடங்குகள் எல்லாம் அதன் பின்னால் வரும். கல்யாணப் பந்தியில் இலை போட்டதுபோல வைத்துக்கொள்ளுங்கள்: முதல் இலை 41, இரண்டாவது 82, மூன்றாவது 123. பேஸ் குடும்பம் மொத்தமும் இந்த வரிசையில் உட்கார வேண்டியது.

அதற்குள் கிட்டார் குடும்பம் வந்துவிடுகிறது. ஹெவி மெட்டலின் அன்றாடச் சோறு பவர் கார்டு எனப்படும் இரட்டைச் சுரம். கிட்டாரின் தடித்த தந்தி 82. அதோடு சேர்த்து அழுத்துகிற சுரம் 123. முதலாவதன் மடங்குகள் 2, 4, 6 என்று ஒன்றுவிட்டு ஒன்றாக இலையைப் பிடிக்கின்றன. இரண்டாவதன் மடங்குகள் 3, 6, 9 என்று பிடிக்கின்றன. ஆறாவது இலையில் இரு தரப்பும் ஒருவர் மடியில் ஒருவர். போகட்டும், பேஸுக்கு 1, 5, 7 என்று சில இலைகளாவது மிஞ்சுகின்றனவே என்று நினைப்போம்.

இங்கேதான் டிஸ்டார்ஷன் தன் வேலையைக் காட்டுகிறது. கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பை அதன் சக்திக்கு மேல் முடுக்கினால் அலையின் உச்சி மழுங்கும். அந்த மழுங்கலில் இரண்டு சுரங்களும் ஒன்றோடொன்று சிக்கிப் புதிய சுரங்களைப் பெற்றுப்போடுகின்றன. எல்லாமே அவற்றின் கூட்டலும் கழித்தலும்தான். 123-இலிருந்து 82-ஐக் கழித்தால் 41: முதல் இலை போயிற்று. இரண்டையும் கூட்டினால் 205: ஐந்தாவது இலை. 82-ஐ இரண்டு முறையும் 123-ஐ ஒரு முறையும் கூட்டினால் 287: ஏழாவது. இப்படியே போனால் வரிசையில் ஓர் இலைகூடக் காலி இல்லை. இரண்டே விருந்தாளிகள், பந்தியிலேயே பிள்ளை பெற்று மண்டபத்தை நிரப்பிவிட்டார்கள். மொய்க் கவரோடு வந்த பேஸ் குடும்பம் கைகழுவும் இடத்தில் நிற்கிறது.

கிட்டார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் 41 ஹெர்ட்ஸை அவ்வளவாகத் தள்ளாது என்பதால் முதல் இலைக்காரர் கொஞ்சம் நோஞ்சான், உண்மைதான். ஆனால் காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம் அந்த இலையின் பக்கத்திலேயே நிமிடத்துக்குப் பலமுறை உட்கார்ந்து எழுந்து போகிறது.

காதுக்குள் இந்தப் பந்தி உண்மையாகவே நடக்கிறது. நத்தைக்கூட்டு எலும்புக்குள் சுமார் 35 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு சவ்வு. ஒவ்வொரு அதிர்வெண்ணும் அதில் தனக்குரிய இடத்தைத்தான் அதிகம் ஆட்டுகிறது. ஒரே இடத்தைப் பெரிய சத்தம் ஒன்றும் சின்னச் சத்தம் ஒன்றும் சேர்ந்து ஆட்டினால், மூளைக்குப் பெரும்பாலும் ஒரே சேதிதான் போகும். வேறு தாளத்தில், வேறு சுரத்தில் வாசித்தால் பேஸ் தப்பிக்கலாம். இந்த ஆல்பத்திலோ நியூஸ்டெட் பெரும்பாலும் கிட்டார் போன வழியிலேயே, அதே வேகத்தில், ஓர் ஆக்டேவ் கீழே போகிறார். அதற்கு மேல் மிக்ஸிங்கில் அவர் சத்தத்தை இறக்கியும் விட்டார்கள்.

இப்போது ரீமாஸ்டர் செய்பவரை நினைத்துப் பாருங்கள். அவர் கைக்கு வருவது தனித்தனி வாத்தியங்கள் அல்ல. எல்லாம் கலந்து முடிந்த இடது, வலது என்ற இரண்டே தடங்கள். அவர் பரிமாறுகிறவர். இலைக்குத்தான் பரிமாற முடியும், ஆளுக்கு முடியாது. ஈக்வலைசரில் 123-ஐ ஏற்றினால் அங்கே உட்கார்ந்திருக்கும் கிட்டார் சாப்பிடும். அடியில் ஏற்றினால் டிரம் சாப்பிடும். பேஸை எழுப்ப வேண்டுமானால் தனித்தடங்களை எடுத்து மறுபடி மிக்ஸ் செய்ய வேண்டும். அந்த ஆல்பம் அந்தக் காலத்தின் நிழற்படம், அதை மாற்றுவதற்கில்லை என்பது குழுவின் நிலை. வீடியோ கேம்களுக்காகப் பிரித்துக் கொடுத்த தடங்களிலிருந்து பேஸை உருவி, ரசிகர்களே தங்களுக்கு வேண்டிய மாதிரி கலந்துகொண்டார்கள்.

செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023-ல் பீட்டில்ஸின் ‘நவ் அண்ட் தென்’ பாட்டுக்காக, ஒரு பழைய கேசட்டில் பியானோவோடு கலந்திருந்த ஜான் லெனனின் குரலை மென்பொருள் பிரித்தெடுத்தது. நல்ல வேலைதான். ஆனால் குரலும் பியானோவும் நடையிலேயே வேறு. இங்கே ஒரே இலையில், ஒரே நேரத்தில், ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கிற இருவர். பிரித்துவிட்டேன் என்று மென்பொருள் சொன்னால், பாதி அதன் ஊகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஹை ரெசல்யூஷன்’ முத்திரையும் பேஸ் விஷயத்தில் தண்டம்: சாதாரண சி.டி.யே நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கிறது; 41 ஹெர்ட்ஸ் அலை ஒவ்வொன்றுக்கும் ஆயிரத்துக்கு மேல். இன்னும் எதற்கு?

அப்படியானால் நண்பருக்கு மட்டும் எப்படிக் கேட்டது? பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதற்குப் பதில் வைத்துவிட்டார்கள். தணிந்த சத்தத்தில் நம் காது அடிச்சுரங்களைக் கண்டுகொள்வதில்லை. இன்றைய அளவீடுகளின்படி, 40 டெசிபலில் ஒலிக்கும் 1,000 ஹெர்ட்ஸ் சுரத்துக்குச் சமமாகக் கேட்க, 100 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு சுமார் 24 டெசிபல் கூடுதலாகத் தேவை. அந்த 1,000 ஹெர்ட்ஸ் சுரம் 80 டெசிபலில் ஒலித்தால் கூடுதல் 12 போதும். அதாவது, வால்யூமைத் திருகினாலே அடித்தளம் மற்றவற்றைவிட வேகமாக எழும்பி வரும். ரீமாஸ்டர்கள் பொதுவாகப் பழைய பதிப்பைவிடச் சத்தமாகவே வெளியாகின்றன. குமிழைத் தொடாமல் பழசையும் புதுசையும் மாற்றி மாற்றிக் கேட்டால் புதுசில் பேஸ் ‘வந்திருக்கும்’. ஒரு டெசிபல் கூடினாலே, சத்தம் கூடியது என்று தோன்றாது. தெளிவு கூடியது என்றுதான் தோன்றும். வியாபாரிகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

சத்தத்தைக் கூட்டுவதிலும் எல்லை உண்டு. இதே குழுவின் 2008-ஆம் ஆண்டு ‘டெத் மேக்னெடிக்’ ஆல்பத்தை ஒரேயடியாக நசுக்கி உரக்கச் செய்ததில், சி.டி.யைவிட ‘கிட்டார் ஹீரோ’ விளையாட்டில் வந்த வடிவமே காதுக்கு இதமாக இருக்கிறது என்று ரசிகர்கள் கொடி பிடித்தார்கள். காசு கொடுத்து வாங்கிய தட்டைவிட விளையாட்டுச் சாமான் மேல்!

ஆகவே வாசகரே, நண்பரை வீட்டுக்கு அழையுங்கள். இரண்டு பதிப்பிலும் பாடகர் குரல் ஒரே உரப்பில் கேட்கும்வரை புதியதன் வால்யூமை இறக்குங்கள். நண்பர் திரும்பி உட்காரட்டும். நீங்கள் காசைச் சுண்டி, பூ விழுந்தால் பழசு, தலை விழுந்தால் புதுசு என்று இருபது முறை போடுங்கள். எது எது என்று அவர் சொல்வதை எழுதி வையுங்கள். சரியான விடைகள் பத்துக்குப் பக்கத்தில் நின்றால் அவர் குருட்டாம்போக்கில் சொல்லியிருக்கிறார். பதினைந்தைத் தாண்டினால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். குரலைத்தான் சமப்படுத்தினீர்களா, டிரம்மையா என்று நான் திருப்பிக் கேட்பேன்.