ஒலிவரைவுத் தாள்களின் மின்னுருவாக்கம்: இசைக்கவை அளவீட்டில் எழுந்த சிக்கல்

பாரிசைச் சேர்ந்த எதுவார் லெயோன் ஸ்காட் 1857இல் காப்புரிமை பெற்ற ஒலிவரைவி, ஒலியைத் திரும்பக் கேட்பதற்கென உருவாக்கப்பட்டதன்று; ஒலியலையைக் கண்ணால் கண்டு ஆராய்வதே அதன் நோக்கம். சவ்வின் அதிர்வைப் பன்றிமயிர் ஒன்று, உருளையில் சுற்றப்பட்ட புகைக்கரி படிந்த தாளில் கோடாகக் கீறியது. உருளை கையால் சுழற்றப்பட்டமையால் வேகம் சீராக அமையவில்லை. ஆகவே பிற்காலத் தாள்களில் குரலின் கோட்டருகே இசைக்கவையின் அதிர்வும் பதிவுசெய்யப்பட்டது.

கணினிவழி மீட்புக்கு இவ்விரண்டாம் கோடே அடிப்படை. தாள் உயர் தெளிவுத்திறனில் வருடப்படுகிறது. கோட்டின் விலகல் புள்ளிபுள்ளியாக அளக்கப்பட்டு ஒலியலையாக மாற்றப்படுகிறது. இசைக்கவையின் அலைகள் சம கால இடைவெளியில் அமையுமாறு குரலின் கோடும் உடன் நீட்டியும் சுருக்கியும் சீராக்கப்படுகிறது.

1860 ஏப்ரல் 9ஆம் நாளிட்ட தாளிலிருந்து பிரெஞ்சு நாட்டார் பாடலொன்றின் பகுதியை 'ஃபர்ஸ்ட் சவுண்ட்ஸ்' குழுவினர், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தாரின் துணையுடன் 2008இல் மீட்டனர். எடிசனின் கருவிக்கு 17 ஆண்டுகள் முற்பட்ட அக்குரல் ஒரு பெண்ணுடையதாகவோ சிறுமியுடையதாகவோ கருதப்பட்டது. பிழை வருடியிலும் இல்லை, மென்பொருளிலும் இல்லை; மின்னுருவாக்க ஆய்வுகள் அரிதாகவே கவனிக்கும் அளவுக்குறிப்பின் பொருளில் இருந்தது. இசைக்கவை நொடிக்கு 500 அதிர்வுகள் கொண்டதெனக் கொள்ளப்பட்டது. அக்காலப் பிரெஞ்சு அறிவியலாளரோ முன்னசைவையும் பின்னசைவையும் தனித்தனியே எண்ணினர். இன்றைய வழக்கில் அது 250 ஹெர்ட்ஸ் மட்டுமே. 2009இல் வேகம் பாதியாகக் குறைக்கப்பட்டபோது, மெதுவாகப் பாடும் ஓர் ஆணின் குரல் கேட்டது. அது பெரும்பாலும் ஸ்காட்டின் குரலே எனக் கருதப்படுகிறது.