வட்டப்பாலையும் வெக்டர் கோடும்

கல்லடிப் பாலத்தில் நின்று மட்டக்களப்பு வாவியைப் பார்ப்பவருக்கு, மீன் பாடுகிறதோ இல்லையோ, அப்பால் உப்போடையில் சமாதி கொண்டிருக்கும் சுவாமி விபுலாநந்தரின் நினைவு வராமற் போகாது. காரைதீவிலே 1892இல் தோன்றி, மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பட்டத்தையும் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் ஒருங்கே பெற்ற அப்பெரியார், பண்டைத் தமிழிசையைக் கணிதத்தால் அளந்து எழுதிய யாழ்நூல், 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் அவர் மறைந்தார்.

அந்நூல் விரித்துரைக்கும் வட்டப்பாலை என்னும் இசைச் சக்கரத்தைக் கணினியில் அச்சுக்கோக்க முயன்றபோது பட்ட பாடே இக்கட்டுரை. பன்னிரண்டு இராசிகளாகப் பகுக்கப்பட்ட வட்டத்திலே, துலாத்தில் குரல், தனுவில் துத்தம், கும்பத்தில் கைக்கிளை, மீனத்தில் உழை, இடபத்தில் இளி, கடகத்தில் விளரி, சிங்கத்தில் தாரம் என ஏழு நரம்புகளும், அதாவது சுரங்களும், நிற்கும். ஓர் இராசிக்கு 30 பாகை. இது அலங்காரச் சித்திரமன்று, வட்ட வடிவில் எழுதிய கணக்கு.

முதலில், எல்லாரும் செய்வதுபோல, தாளில் வரைந்த சக்கரத்தை ஸ்கான் செய்து பக்கத்தில் ஒட்டினேன். சிறிதாய் இருந்தவரை குறையில்லை. சுவரொட்டிக்காகப் பெருக்கியதும், பன்பாயில் முடைந்த பூவைக் கிட்டப் போய்ப் பார்த்தாற்போல, வட்டம் படிப்படியாய் உடைந்தது. புள்ளிகளால் ஆன படத்தின் சுபாவம் அதுதான். வெக்டர் சித்திரமோ, மையம், ஆரம், பாகை என்னும் எண்களை மாத்திரமே சேமித்து வைத்து, எந்த அளவில் வேண்டினும் அந்த அளவில் புதிதாய் வரைந்து தருவது.

குறிமொழியில் நூல் அமைக்கும் லேடெக் முதலிய கருவிகளில் இத்தகைய படத்தைச் சேர்க்க ஒரே கட்டளை போதுமாயினும், கோப்பின் வகை அறிந்து சேர்த்தல் வேண்டும். பழைய லேடெக் ஈபிஎஸ் கோப்பை விரும்பும். பிடிஎப்லேடெக் பிடிஎப் கோப்பை ஏற்கும். 2001இல் இணையத்துக்கென விதிக்கப்பட்ட எஸ்விஜியை நேரே ஏற்காதாகையால், இங்க்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருளில் பிடிஎப் ஆக்கித்தான் கொடுக்கவேண்டும். நம்மவருக்கு உரிய விசேட இடர் எழுத்தில் உள்ளது. நான் கொண்டுபோன கோப்பிலே "துத்தம்" என்ற சொல், அச்சகக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாமையால், வெறுங்கட்டங்களாய் வந்தது. எழுத்துகளையும் கோடுகளாக மாற்றினால் உருவம் தப்பும். ஆனால் தேடுவோருக்கு அச்சொல் அகப்படாது. ஆகவே கோடுகளை மட்டும் பிடிஎப்பில் வைத்து, பெயர்களை வேறு கோப்பாகப் பிரித்து, கொம்பும் காலும் பிழையாமல் தமிழை அமைக்கும் ஸீலேடெக்கிடம் ஒப்படைத்தேன். உரையின் எழுத்தே படத்தின் எழுத்துமாயிற்று.

பிறகுதான் இன்னொன்று புலப்பட்டது. டிக்ஸெட் என்னும் துணைத்தொகுதியைக் கொண்டு அவ்வட்டத்தை உரைக்குள்ளேயே எண்களால் எழுதிவிட்டால், தனிக் கோப்பே வேண்டாம். துத்தத்தைக் குரலாகக் கொண்டு படுமலைப்பாலை காண, தொடக்கத்தை 60 பாகை நகர்த்தும் ஓர் எண்ணை மாற்றினால் ஆயிற்று. பண்ணுப்பெயர்த்தல் என்று இசைவாணர் சொல்லும் காரியத்தையே கட்டளையும் செய்கிறது; எந்தப் புகைப்படம் இதைச் செய்யும்?

யாழ்நூலை மறுபதிப்புச் செய்யக் கருதும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: சக்கரங்களை ஸ்கான் செய்து ஒட்டாதீர்கள்; பாகைக் கணக்குப்படி வரைந்து சேருங்கள்.